சவாடா கென்ஜி: டைகர்ஸ் பாடகர் தனிப்பாடகர் ஆன கதை

மே 11, வாசகர் ஒருவரின் கேள்வி

எழுபதுகளின் ஜப்பானியப் பாட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சவாடா கென்ஜி விஷயம் மட்டும் உறுத்துகிறது. 'தி டைகர்ஸ்' குழுவில் நீள முடியோடு ராக் பாடிக்கொண்டிருந்தவர், 1971-க்குப் பிறகு தொப்பி, மேக்கப், பாராசூட் என்று டிவி பொம்மையாகிவிட்டார். காசுக்காக ராக்கை விற்றவர் என்றுதான் எனக்குப் படுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மே 11, இரவு

இருக்கிறது, நிறையவே.

'ராக் பாடிக்கொண்டிருந்தவர்' என்பதிலிருந்தே தொடங்குகிறேன். டைகர்ஸ் பையன்கள் கியோட்டோவில் வளர்ந்தவர்கள். 'ஃபனீஸ்' என்ற பெயரில் ஒசாகாவின் 'நம்பா இச்சிபான்' கூடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். ராக் பாடகர் உச்சிதா யூயா கண்ணில் பட்டார்கள். பாடகர்களை நிர்வகிக்கும் வதனாபே நிறுவனம் டோக்கியோவுக்குக் கூட்டிவந்தது. இசையமைப்பாளர் சுகியாமா கோயிச்சி, ஒசாகா பக்கத்துப் பிள்ளைகள்தானே என்று அந்த ஊர் பேஸ்பால் அணியின் பெயரையே தூக்கி வைத்துவிட்டார். 1967 பிப்ரவரியில் முதல் இசைத்தட்டு.

அதற்குப் பிறகு தட்டில் வந்ததெல்லாம் என்ன? சுகியாமாவின் மெட்டு, ஹாஷிமோட்டோ ஜுன்னின் வரிகள். 1968-இல் முதலிடம் பிடித்த 'ஹனா நோ குபிகசாரி'க்கு வரிகள் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு வாசகி அனுப்பியவை. மேடையில் ஸ்டோன்ஸ், இசைத்தட்டில் மலர்மாலை. இந்த இழுபறி டைகர்ஸ் காலத்திலேயே இருந்தது. அவர் ராக்கிலிருந்து பாப்புக்குத் தாவினார் என்றால், தாவிய இடம் எது என்று நீங்கள் காட்ட வேண்டும்.

மே 12

இன்னொன்று. அவருடைய முதல் தனி ஆல்பம் 'ஜூலி' 1969 டிசம்பரில் வந்தது. டைகர்ஸ் அப்போது கலையவே இல்லை. கலைந்தது 1971 ஜனவரி 24, டோக்கியோவின் புடோகான் அரங்கில். ஆக, 1971-ஐ ஒரு கோடு மாதிரி போட்டு இந்தப் பக்கம் ராக், அந்தப் பக்கம் பாப் என்று பிரிக்க முடியாது.

('ஜூலி' அவருடைய செல்லப்பெயர். நடிகை ஜூலி ஆண்ட்ரூஸை அவருக்குப் பிடிக்கும், அதனால் வந்தது.)

மே 14

நேற்று ஒருவர், 'குழு கலைந்ததும் நிறுவனம் அழகான முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கழற்றிவிட்டது' என்று எழுதியிருந்தார். நடந்தது வேறு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

டைகர்ஸ் கலைந்த கையோடு 'பிக்' என்றொரு குழு உருவானது. டைகர்ஸிலிருந்து சவாடாவும் பேஸ் வாசித்த கிஷிபே ஓசாமியும். டெம்ப்டர்ஸிலிருந்து பாடகர் ஹாகிவாரா கெனிச்சியும் டிரம்மர் ஓகுச்சி ஹிரோஷியும். ஸ்பைடர்ஸிலிருந்து கிட்டார் இனோவே தகாயுகியும் கீபோர்டு ஓனோ கட்சுவோவும். மூன்று பெரிய குழுக்களிலிருந்து இரண்டிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே ஆசை: வெளியார் எழுதிக் கொடுத்த இனிப்புப் பாட்டு போதும், இனி நம் சொந்தச் சரக்கு. 'ஹனா, தையோ, அமே' என்ற முதல் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். கனமான, மெதுவான, இருண்ட ராக். வாத்திய ஒலியில் ஒரு துளி சர்க்கரை கிடையாது.

1971 மார்ச்சில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மேற்கு அரங்கில் நடந்த ராக் நிகழ்ச்சிக்குப் போனார்கள். சவாடா வளர்ந்த ஊர். கூட்டம் 'போ, வீட்டுக்குப் போ' என்று கத்தியது. அடுத்து டோக்கியோவில் ஹிபியா திறந்தவெளி அரங்கிலும் அதே கதை. ராக் ரசிகர்களுக்கு இவர்கள் டிவி ஆட்கள், சினிமாப் பத்திரிகை அட்டைப்பட ஆட்கள். என்ன வாசிக்கிறார்கள் என்று காது கொடுக்கவே அவர்கள் தயாராக இல்லை. பழைய ரசிகைகளோ 'ஜூலி!', 'ஷோகென்!' (ஹாகிவாராவின் செல்லப்பெயர்) என்று ஆளுக்கொரு பெயரைக் கூவி இரண்டாகப் பிரிந்து நின்றார்கள்.

ஆக, ராக்கை விற்றார் என்ற குற்றச்சாட்டுக்கு என் பதில்: அவர் கையில் ராக்கை ஏந்திக்கொண்டு போய் வாசலில் நின்றார். கதவைச் சாத்தியது அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள்.

மே 14, சற்று நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டு முடித்திருக்கிறேன். பிக் ஓய்ந்ததும் அந்த ஆட்கள் எங்கே போனார்கள்? ஹாகிவாரா நடிக்கப் போனார். மீதிப் பேர் 'இனோவே தகாயுகி பேண்ட்' ஆனார்கள். டிரம்மர் மட்டும் நடுவில் மாறினார். அந்த பேண்ட் யாருக்குப் பின்னால் நின்றது? சவாடாவுக்கு. ஆண்டுக்கணக்கில். 1975-இன் பெரிய வெற்றியும் 1977-இன் விருதுப் பாட்டும் இந்தக் காலத்தில்தான் வந்தன. 1971-இல் விரட்டப்பட்ட ராக் குழுவின் பாதி, அதே ஆண்டு தொடங்கிய பாப் வாழ்க்கையில் அவர் முதுகுக்குப் பின்னால் கருவியோடு நின்றது. உறையில் ஒரு பெயர் அச்சாகியிருக்கிறது, மேடையில் ஒரு குழு நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பழைய வீடியோக்களில் நான் முதலில் பார்ப்பது கிட்டாரிஸ்டை.

மே 17

'பொம்மை' என்ற சொல்லை இன்னும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 1972-இல் வந்த 'இமா போகு வா ஷியாவாசே தேசு' ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். வரிகள், மெட்டு இரண்டும் முழுக்க அவரே. அப்போது வயது 24. உலகத்தைப் புரட்டிப்போடும் ஆல்பம் என்று சொல்லமாட்டேன். சில பாட்டுகள் நாட்குறிப்பைப் புரட்டுகிற மாதிரி சாதாரணமாக இருக்கும். ஆனால் நூல் கட்டி ஆட்டப்படும் ஆள் இப்படி ஒன்றைச் செய்ய மாட்டார்.

அலங்காரம் விஷயமும் அப்படித்தான். உடைகளை வடிவமைத்தவர் ஹயகாவா தகேஜி. அவரும் சவாடாவும் சேர்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஆளையே புதிதாகச் செய்தார்கள். ஆண் பாடகர் மேக்கப் போட்டுக்கொண்டு, ஆணா பெண்ணா என்று குழப்பும் அழகோடு வீட்டு டிவியில் வந்து நிற்பது அன்று சின்ன விஷயம் இல்லை. 1978-இல் 'சாமுராய்' பாட்டுக்கு அணிந்த கைப்பட்டை நாஜிச் சின்னம்போல் இருக்கிறது என்று கண்டனம் வந்து அதை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கண்டனம் நியாயமானது. அழகுக்காக அதைத் தொட்டிருக்கவே கூடாது.

மே 18

பாட்டுகளைப் பற்றியே பேசாமல் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறோம். 1975-க்கு வருகிறேன்.

1968 டிசம்பர் 10-ஆம் தேதி டோக்கியோவை ஒட்டிய ஃபுச்சூவில், போலீஸ் வண்டிபோல் மாற்றிய மோட்டார் சைக்கிளில் போலீஸ் வேடத்தில் வந்த ஒருவன் 30 கோடி யென்னைக் காரோடு ஓட்டிக்கொண்டு போனான். ஆள் சிக்கவே இல்லை. 1975 டிசம்பரில் வழக்கின் காலவரம்பு முடியப்போகிறது. அந்த ஆண்டு டிபிஎஸ் தொலைக்காட்சி, திருடன் இவன்தான் என்று ஒரு கற்பனைத் தொடர் எடுத்தது. திருடனாக சவாடா. மதுக்கூடத்தில் பாடிப் பிழைக்கும், உடம்பு நலிந்த இளைஞன்.

அவன் பாடுவதற்கு ஒரு பாட்டு வேண்டும். அகு யூ வரிகள் எழுதினார். அதே வரிகளைப் பல இசையமைப்பாளர்களிடம் கொடுத்து, ஆளுக்கொரு மெட்டு போடச் சொன்னார்கள். காசே குனிஹிகோ போட்டார், கிட்டாரிஸ்ட் இனோவேயும் போட்டார். தேறியது ஓனோவின் மெட்டு. 'டோக்கி நோ சுகியுகு மமா நி'. ஐந்து வாரம் முதலிடம்.

இந்தப் பாட்டில் சவாடா குரலை உயர்த்தவே மாட்டார். வரி முடியும் இடத்தில் குரல் சற்றே கீழே சரியும், களைத்துப்போனவன் நாற்காலியில் உட்காருகிற மாதிரி. களைத்துப்போன காதலர்கள் இருவர் காலத்தின் போக்கில் தங்களை விட்டுவிடுகிற வரிகள். வேறொருவர் பாடினால் ஒப்பாரியாகியிருக்கும். இவர் பாடும்போது பரிதாபத்தை நம்மிடம் கேட்பதே இல்லை.

இதைத்தான் பாப்புக்குப் போனதில் அவர் அடைந்த லாபம் என்பேன். டைகர்ஸில் அவர் கத்தித்தான் ஆக வேண்டும், ரசிகைகளின் அலறலைத் தாண்டி. தனியாக வந்த பிறகுதான் மெதுவாகப் பாட இடம் கிடைத்தது.

மே 18, இரவு

ஒரு துணுக்கு. பேஸ் வாசித்த கிஷிபே அதே தொடரில் போலீஸாக நடித்தார். அத்தோடு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு முழுநேர நடிகரானார். கிஷிபே இத்தோகு என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். 'டாக்டர் எக்ஸ்' தொடரில் கணக்குச்சீட்டையும் மெலன் பழத்தையும் தூக்கிக்கொண்டு வரும் அந்தப் பெரியவர் இவர்தான்.

மே 21

தொப்பி வீச்சைப் பற்றிக் கேட்டவருக்கு.

1977, 'கட்டே நி ஷியாகாரே'. வரிகள் அகு யூ, மெட்டு ஓனோ. கதை இவ்வளவுதான்: காதலி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்கிறான். எழுந்து தடுக்கலாம், தடுப்பதில்லை. வீம்பு. அவள் போன பிறகு தனியாகக் குடித்து, தனியாக ஆடுகிறான்.

படுத்துக்கிடப்பவனின் கதைக்கு மெட்டு என்னவோ துள்ளி ஓடுகிறது. பியானோ தடதடவென்று படியிறங்கும், பித்தளைக் கருவிகள் துரத்தும். உடைந்துபோனவனை ஊர் பார்க்காதபடி இசை மறைத்து நிற்கிறது. நடுவில் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றி, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி விடுவார். தட்டு மாதிரி மிதந்து போகும். அது எங்கே விழுகிறது என்று அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார், அடுத்த வரிக்குப் போய்விடுவார். போகிறவளைத் திரும்பிப் பார்க்காத பாட்டில் போகிற தொப்பியையும் பார்ப்பதில்லை. மூன்று நிமிட டிவி நேரத்தில் கதாபாத்திரத்தை உடம்பால் சொல்லிவிடுகிறார். இதைப் பொம்மையாட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அந்த ஆண்டின் ஜப்பான் இசைத்தட்டுப் பெருவிருது இந்தப் பாட்டுக்குத்தான்.

மே 22

கவாசாகியில் வேலை பார்த்த காலத்தில், அலுவலகப் பெரியவர்கள் கூட்டிப்போகும் ஒரு குட்டி மதுக்கடை இருந்தது. நடத்தியவர் எழுபதைத் தாண்டிய அம்மா. எனக்குத் தெரிந்த ஒரே பழைய பாட்டு என்று 'டோக்கி நோ சுகியுகு'வைத் தட்டுத் தடுமாறிப் பாடினேன். பாடி முடித்ததும் அந்த அம்மா மைக்கை வாங்கிக்கொண்டு, 'தம்பி, மூச்சை வரிக்கு முன்னால் வாங்கக்கூடாது, வரிக்கு நடுவில் வாங்கணும். ஜூலி அப்படித்தான் வாங்குவார்' என்றார். பாடியும் காட்டினார். கட்டை விரலால் மைக்கின் அடியைத் தட்டிக்கொண்டே, கண்ணை மூடாமல்.

அவர் பள்ளியில் படித்தபோது டைகர்ஸ் மாதிரிக் குழுக்களின் நிகழ்ச்சிக்குப் போனால் நடவடிக்கை என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். போயிருக்கிறார், சீருடையைப் பைக்குள் திணித்துக்கொண்டு. டைகர்ஸ் போய் தனிப்பாடகர் வந்தபோது வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். 'எதற்கு வருத்தம்? அதற்குப் பிறகுதான் எங்கள் அம்மாவோடு சேர்ந்து உட்கார்ந்து அவரைப் பார்க்க முடிந்தது' என்றார்.

ராக் ரசிகர்களின் வரலாற்றில் இந்தக் குரலுக்கு இடமே தருவதில்லை. கியோட்டோவில் 'போ' என்று கத்திய ஆண்பிள்ளைகளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள்.

மே 23

மேலே பள்ளித் தடை பற்றிச் சொன்னேன். அதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே. நீள முடிக் குழுக்கள் வேண்டாம் என்று டைகர்ஸை ஆண்டிறுதி 'கோஹாகு' பாட்டு நிகழ்ச்சிக்குக் கூப்பிடவே இல்லை. தனிப்பாடகரான பிறகு 1972-இல் முதல்முறை போனார். 1978 கோஹாகுவில் ஆண்கள் அணியின் கடைசிப் பாட்டு, அதாவது மொத்த இரவின் நிறைவுப் பாட்டு அவருடையது. எதிரணியில் கடைசியாகப் பாடியவர் யமாகுச்சி மொமோயே. அந்த இடம் பொதுவாக மூத்த என்கா (பழைய பாணி ஜப்பானியச் சோகப்பாட்டு) பாடகர்களுக்குப் போவது.

கேள்வி கேட்டவர் இதையே 'பார்த்தீர்களா, அரசு ஊடகத்தில் ஐக்கியமாகிவிட்டார்' என்று வாசிக்கலாம். நான் வாசிப்பது வேறு: மாறியது என்எச்கே.

மே 26

பாராசூட். சரி, வருவோம்.

1980 ஜனவரி 1, 'டோக்கியோ'. வரிகள் இதோய் ஷிகேசாடோ, மெட்டு காசே. விளக்குகள் மின்னும் உடை, முதுகில் பெரிய பாராசூட். எண்பதுகளை இவர்தான் திறந்துவைத்தார் என்று சொல்லும்படியான பாட்டு. ஆனால் இனோவே தகாயுகி பேண்ட் பிரிந்ததும் இந்தத் திருப்பத்தில்தான். பாராசூட்டெல்லாம் இனோவேக்கு ஒத்துவரவில்லை என்பார்கள்.

இந்த ஒரு இடத்தில் கேள்வி கேட்டவர் பக்கம் நான் கொஞ்சம் சாய்கிறேன். உண்மையான பிரிவு நடந்தது 1971-இல் இல்லை, 1980-இல். பிக்கின் மிச்சம் அன்றுதான் தீர்ந்தது. 'டோக்கியோ' பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் இனோவேயின் கிட்டார் இல்லாத சவாடாவைக் கேட்கும்போது வீட்டில் ஒரு அறை பூட்டியிருக்கிற மாதிரிதான் இருக்கிறது.

மே 26, பின்குறிப்பு

சாய்ந்தது போதும், நிமிர்கிறேன். பேண்ட் போனதும் அவர் என்ன செய்தார்? ஸ்டூடியோ வாத்தியக்காரர்களை வைத்து ஓட்டவில்லை. உடனே இன்னொரு பேண்ட்: 'ஆல்வேஸ்', பிறகு 'எக்ஸாட்டிக்ஸ்'. 1981-இன் 'ஸ்ட்ரிப்பர்' அவரே மெட்டமைத்தது, அசல் ராக்கபிலி. 1985-இல் வதனாபே நிறுவனத்தை விட்டு வந்ததும் 'கோகோலோ' என்று இன்னொரு குழு. தனிப்பாடகர் என்று பெயர் எடுத்தவர் ஒருநாளும் தனியாக இருக்கப் பழகவில்லை.

மே 29

ஒருவர் கேட்டார், இந்தப் பெயர்களில் நமக்குத் தெரிந்தது ஏதாவது உண்டா என்று. உண்டு. கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எல்லோருக்கும் ஓனோ கட்சுவோவைத் தெரியும், பெயர்தான் தெரியாது. டிடெக்டிவ் கோனனின் முகப்பு இசை அவருடையது. டைகர்ஸுக்குப் பெயர் வைத்த சுகியாமாதான் டிராகன் குவெஸ்ட் விளையாட்டுகளின் இசையமைப்பாளர். ஹாகிவாரா நடித்த 'தையோ நி ஹோயேரோ' போலீஸ் தொடரின் முகப்பு இசையும் ஓனோதான், வாசித்தது இனோவே பேண்ட். தோற்றுப்போன ஒரு ராக் குழுவின் சாமான்கள் ஜப்பானில் எத்தனை வீட்டு வரவேற்பறைகளில் கிடக்கின்றன, பாருங்கள்.

ஜூன் 2

'பழைய நண்பர்களை மறந்தவர்' என்று புதிதாக ஒரு குற்றச்சாட்டு வந்திருக்கிறது. இதற்குக் கோபம் வருகிறது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

டைகர்ஸின் டிரம்மர் ஹிதோமி மினோரு. குழு கலைந்ததும் கலையுலகத்தோடு எல்லாத் தொடர்பையும் அறுத்துக்கொண்டு படிக்கப் போனார். கெயோ பல்கலைக்கழகம், சீன மொழி, பிறகு உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். பத்தாண்டுகளாக அல்ல, பல பத்தாண்டுகளாக யாரையும் பார்க்கவில்லை. 2008-இல் சவாடாவும் கிஷிபேயும் சேர்ந்து வரிகள் எழுத, டைகர்ஸின் கிட்டாரிஸ்ட் மொரிமோட்டோ தாரோ மெட்டமைக்க, 'லாங் குட்பை' என்று ஒரு பாட்டு செய்தார்கள். முகவரி இல்லாத கடிதம்போல் அந்த டிரம்மருக்காகவே எழுதியது. அது அவரைப் போய்ச் சேர்ந்தது. 2011-இல் சவாடாவின் சுற்றுப்பயண மேடையில் ஹிதோமி மறுபடி டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார். 2013 டிசம்பரில் டைகர்ஸின் இன்னொரு கிட்டாரிஸ்ட் கஹாஷி கட்சுமியும் சேர, டைகர்ஸ் முழுசாக புடோகானிலும் டோக்கியோ டோமிலும் வாசித்தது.

மறந்தவர் செய்கிற வேலையா இது?

ஜூன் 4

2018 பற்றி யாராவது எழுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன், எழுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 17, சைதாமா சூப்பர் அரீனா. 70-ஆம் வயதுச் சுற்றுப்பயணம். மேடையில் அவரும் கிட்டாரிஸ்ட் ஷிபயாமா கசுஹிகோவும் மட்டும். எக்ஸாட்டிக்ஸ் காலத்திலிருந்து கூடவே இருக்கும் ஷிபயாமா. 9,000 பேர் என்று சொல்லப்பட்டிருந்தது, வந்தது 7,000 என்று தெரிந்ததும் தொடங்குவதற்குச் சற்று முன் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார். மறுநாள் நிருபர்களை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார்.

வெளியூரிலிருந்து ரயில் பிடித்து வந்தவர்களின் ஏமாற்றம் நிஜம். அதை நான் சமாதானம் சொல்லி மூடமாட்டேன். வந்த 7,000 பேருக்குப் பாடியிருக்க வேண்டும். அதேசமயம், அந்தக் காலி இருக்கைகளை மறைக்கவோ வேறு காரணம் சொல்லவோ அவர் முயலவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு அறிக்கை போதும், எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

2023 ஜூன் 25, 75-ஆம் பிறந்தநாள், அதே அரங்கம். டிக்கெட் எல்லாம் தீர்ந்துபோனது. மேடையில் கிஷிபே, மொரிமோட்டோ, ஹிதோமி.

ஜூன் 5

பிற்காலப் பாட்டுகளைக் கேட்டிராதவர்களுக்காக: 2008-இல், போரைத் துறக்கும் அரசியல் சாசன 9-ஆவது பிரிவுக்காக ஒரு பாட்டு பாடினார். 2011 சுனாமிக்கும் ஃபுகுஷிமாவுக்கும் பிறகு, பல ஆண்டுகள் மார்ச் 11-ஐ ஒட்டியே புதுப் பாட்டுகளை வெளியிட்டார். அணு உலைகள் வேண்டாம் என்று நேராகச் சொல்லும் பாட்டுகளும் அவற்றில் உண்டு. அந்த 2008-இலேயே ஒசாகா, டோக்கியோ டோம் அரங்குகளில் 80 பாட்டுகள், ஆறு மணி நேரத்துக்கு மேல், 60 வயதில். முன்வரிசையில் நாற்பது ஆண்டு ரசிகைகள். ராக் என்பது மனப்பான்மை என்று சிலர் எனக்கு எழுதியிருந்தார்கள். அந்த அளவுகோலை வைத்தாவது அளந்து பாருங்கள்.

ஜூன் 7

கேள்வி கேட்டவர், எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறார். வெற்றிப்பாட்டுத் தொகுப்புகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். 1975-இன் 'ஹியேசான் ஃப்ரீ கான்சர்ட்' நேரடிப் பதிவைத் தேடிப் பிடியுங்கள். ஹியே மலை கியோட்டோவின் தலைமாட்டில் இருக்கிறது. 1971-இல் எந்த ஊரில் விரட்டினார்களோ அந்த ஊர் மலைமேல், கட்டணமே வாங்காமல், இனோவே தகாயுகி பேண்டோடு நடத்திய கச்சேரி. முதலில் பாடகரை விட்டுவிட்டு கிட்டாரையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை குரலை. கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், அப்போதும் விற்றவர் என்று தோன்றினால் மறுபடி சண்டை போடலாம், நான் தயார்.